எந்த டோனல்?

"டேனியல் மக்கை" என்று வாசித்தது நான்தான். சனிக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு, காற்று பிடுங்கப் பார்த்த செய்தித்தாளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி வாசித்தேன். ரஷ்யாக்காரனோடு கிரிமியாவில் நடந்துகொண்டிருந்த சண்டையில் செத்தவர்களின் பட்டியல் அது. குண்டடிபட்டுச் செத்தவர்கள் கொஞ்சம், காய்ச்சலில் செத்தவர்கள் நிறைய. பத்திரிகை போதகர் வீட்டுக்கு வரும்; அவர் படித்து முடித்ததும் என்னிடம் வரும். ஸ்காட்லாந்தில் எங்கள் கடற்கரையில் இங்கிலீஷ் சரளமாக வாசிப்பவர்கள் அவரும், பள்ளிக்கூட வாத்தியாரும் சபை எழுத்தருமான நானும்தான். மற்றவர்களுக்குக் கேலிக் ஒன்றே பாஷை.

அந்தப் பெயருக்குப் பக்கத்தில் எங்கள் சபை வட்டத்தின் பெயரும் அச்சாகியிருந்தது. கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. பிறகு நண்டு பிடிக்கும் மர்டோ தொண்டையைச் செருமினான்.

"டேனியலா? நம்ம பக்கம் ஏதுய்யா டேனியல்? ஆத்தங்கரைப் பசங்கள்ல ஒருத்தனா இருக்கும். அவங்கதான் கண்ணை மூடிக்கிட்டு வேதப் புஸ்தகத்துல விரலை வெச்சு, விரல் பட்ட பேரைப் புள்ளைக்கு வெப்பாங்க."

ஓரிருவர் சிரித்தார்கள். எல்லோருக்கும் மூச்சு திரும்பியது. முதுகில் கூடையோடு முன்னால் நின்றிருந்த ஒய்ரிக், இரண்டு மகன்களையும் அந்தச் சண்டைக்கு அனுப்பிவிட்டு நிற்கிற விதவை, தலையை அசைத்துச் சொன்னாள்: "யாரு பெத்த புள்ளையோ. அந்தத் தாய்க்கு ஆண்டவர்தான் ஆறுதல் சொல்லணும்."

நான் பத்திரிகையை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கீரைச் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். கரண்டி பாதி தூரம் வந்தபோது ஞாபகம் வந்தது. டேனியல் என்று எழுதியதே நான்தான்.

அதற்கு முந்தின மே மாதம் சாலை முக்கில் இருக்கிற விடுதிக்கு ஒரு சார்ஜென்ட் ஆள் எடுக்க வந்திருந்தான். எங்கள் ஊரில் யாரும் அசைவதாக இல்லை. "மலையெல்லாம் ஆட்டுக்குக் குடுத்துட்டீங்கள்ல, சண்டைக்கும் ஆட்டையே அனுப்புங்க" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். குடியிருந்தவர்களைக் காலி செய்துவிட்டு நிலத்தை ஆட்டு மேய்ச்சலுக்கு விடுகிற பண்ணையின் நிர்வாகி வீடு வீடாகப் போய், எந்த வீட்டிலிருந்து பையன் போகிறானோ அந்த வீட்டை யாரும் தொடமாட்டார்கள் என்று சொன்ன பிறகு ஏழு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் ஒய்ரிக்கின் மகன்கள். இரண்டு பேருக்கும் பெயர் டோனல்.

முதல் மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர். அந்தப் பிள்ளைகளின் இரண்டு தாத்தாக்களுமே டோனல். ஒரு தாத்தாவை விட்டால் அந்தப் பக்கத்து உறவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் இரண்டு பேருக்கும் அதே பெயரை வைத்தார்கள். ஊருக்கு அவர்கள் பெரிய டோனல், சின்ன டோனல். சின்ன டோனல் அண்ணனைவிட ஒரு தலை உயரம். அதனால் யாருக்கும் எந்தக் குழப்பமும் வந்ததில்லை.

குழப்பமெல்லாம் காகிதத்தில்தான். கேலிக்கில் பேசுகிறவர்களை இங்கிலீஷில் எழுத வேண்டும் என்பது விதி. டோனல் என்பதை டொனால்டு என்று எழுதலாம், டேனியல் என்றும் எழுதலாம். எந்தப் பெயர் பேனாவுக்கு முதலில் வருகிறதோ அது. நான் டோர்மட், என் சம்பளச் சீட்டில் நார்மன். இதில் ஒரு தப்பு இருப்பதாக ஐம்பத்து மூன்று வயது வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்றைக்கு நான் மொழிபெயர்க்கவும் எழுதவும் போயிருந்தேன். சார்ஜென்ட் வரிசையைப் பார்த்துச் சிரித்தான். "ஒரே தாய், ரெண்டு புள்ளைங்க, ஒரே பேரா? ஆஜர் பட்டியல் வாசிக்கிறப்ப எனக்கு உயிர் போயிடும் வாத்தியாரே. ஒருத்தனை வேற ஏதாவது ஆக்குங்க" என்றான். நான் ஒருவனை டேனியல் என்று எழுதினேன். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே மழை, உள்ளே மேளம், என் கையருகே சார்ஜென்ட் ஊற்றிவைத்த விஸ்கி. எந்த டோனலை நான் டேனியலாக்கினேன்? மேசையின் மரக்கணு ஞாபகமிருக்கிறது. மைக்கூட்டில் விழுந்திருந்த ஈ ஞாபகமிருக்கிறது. அது மட்டும் ஞாபகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒய்ரிக் எனக்கு நேர் முன் வரிசையில் உட்கார்ந்து சங்கீதம் பாடினாள். நான் வாயைத் திறக்கவில்லை. விடிந்தால் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு முன்னால் விடையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஆராதனை முடிந்ததும் பதிவேடுகளை எல்லாம் இறக்கினேன். ஓய்வுநாளில் வேலை செய்வது பாவம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான்.

ஞானஸ்நானப் பதிவேட்டில், எனக்கு முன்னிருந்த எழுத்தர் இரண்டு பேரையும் டொனால்டு என்றே எழுதியிருந்தார். தாயின் பெயரை மூத்தவன் வரியில் யூஃபீமியா என்றும், இளையவன் வரியில் ஹென்ரியட்டா என்றும் எழுதியிருந்தார். இரண்டும் ஒய்ரிக்தான். என் பள்ளிக்கூட வருகைப் பட்டியலில் பெரியவன் முதல் வருஷம் டேனியல், அடுத்த இரண்டு வருஷம் டொனால்டு. சின்னவன் சேர்ந்த வருஷம் டொனால்டு, விலகிய வருஷம் டேனியல். எல்லாம் என் கையெழுத்து, அழகான கையெழுத்து. எல்லாவற்றையும் மூடிவைத்தேன்.

திங்கட்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெரிய டோனலின் மனைவி பாரபல் பிரசவித்துப் பதினொரு நாள். கணவன் கிளம்பும்போது வயிற்றில் தங்கியிருந்த குழந்தை, ஆண் குழந்தை, அடுப்போரத்தில் அவள் மடியில் கிடந்தது. ஒய்ரிக் ஓட்ஸ் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாத்தியாரே. புள்ளையப் பதிய வந்தீங்களா? இன்னும் நாள் இருக்குல்ல?" என்றாள் பாரபல்.

அந்த வருஷம் ஜனவரியிலிருந்து ஸ்காட்லாந்து முழுக்கப் புதுச் சட்டம். பிறந்த குழந்தையை இருபத்தொரு நாளுக்குள் அரசாங்கப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அந்தப் பதிவாளர் வேலையையும் என் தலையில்தான் கட்டியிருந்தார்கள்.

"இல்லம்மா. வேற விஷயம்."

உட்காராமலே சொன்னேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது. டேனியல் என்பது ஆற்றங்கரைக்காரன் இல்லை. டோனலை இங்கிலீஷில் அப்படியும் எழுதுவார்கள். விடுதியில் உங்கள் இரண்டு டோனலில் ஒருவனை நான் அப்படி எழுதினேன். நம் வட்டத்திலிருந்து போன ஏழு பேரில் வேறு டேனியல் கிடையாது.

ஒய்ரிக் கஞ்சிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தாள். "எந்த டோனல்?" என்றாள்.

"தெரியல."

"தெரியலன்னா?"

"ஞாபகம் இல்ல ஒய்ரிக்."

"நீதானே எழுதின? என் ரெண்டு புள்ளைங்களும் உன் முன்னாடிதானே நின்னாங்க? அவங்களை அஞ்சு வயசுல இருந்து பாக்குறவன் நீ. யாரைப் பாத்து எழுதின?"

"காகிதத்தைப் பாத்து எழுதினேன்."

பாரபல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குடிச்சிருந்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மூணு கிளாஸ்."

அவள் குழந்தையின் துணியை இழுத்துவிட்டாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "எங்க கல்யாணத்தைப் பதிஞ்சீங்களே, அதுல அவரை என்னன்னு எழுதினீங்க?"

"டொனால்டு."

"அப்ப சரி! அவருதான் டொனால்டு. கல்யாணப் பதிவே சொல்லுது. அப்போ டேனியல்னா..." அவள் நிறுத்தவில்லை, வாய் நிற்கவில்லை. "சின்னவராத்தான் இருக்கும். சின்னவராவே இருக்கட்டும் ஆண்டவரே, சின்னவராவே இருக்கட்டும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு மாமியார் அங்கே நிற்பது தெரிந்தது. ஒய்ரிக் அசையவில்லை. அடுப்பில் விறகுக்குப் பதிலாக எரிக்கிற சதுப்பு மண்கட்டி நொறுங்கி விழுந்த சத்தம் கேட்டது.

"அத்தை... நான்..."

"விடு. நீ அவன் பொண்டாட்டி. உனக்கு ஒருத்தன். எனக்குத்தான் யாருக்காக ஜெபம் பண்றதுன்னு தெரியல. ஒருத்தனைக் காப்பாத்துன்னு கேட்டா இன்னொருத்தனை எடுத்துக்கோன்னு சொல்றமாதிரி இருக்கு."

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் பொய்யான நம்பிக்கை கொடுக்கக் கூடாது என்று ஏதோ நேர்மை உணர்ச்சி. "கல்யாணப் பதிவை நம்ப முடியாதும்மா" என்றேன். "அதே வரியில உன் பேரை அனபெல்லான்னு எழுதியிருக்கேன்."

"என் பேரு பாரபல்."

"பாரபலை அப்படியும் எழுதுவாங்க."

"யாரு எழுதுவாங்க? நீங்கதானே எழுதறீங்க!" என்று அவள் கத்தினாள். குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. ஒய்ரிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நான் வெளியே வந்தேன்.

மறுநாள் ராணுவத்துக்குக் கடிதம் எழுதினேன். செத்தவன் மூத்தவனா இளையவனா, குட்டையா நெட்டையா, உயிரோடிருக்கும் சகோதரன் எங்கே. பதில் வர இரண்டு மாதமாவது ஆகும் என்று தபால்காரன் சொன்னான். அவ்வளவு நாள் பொறுக்க முடியாமல் அந்த விடுதிக்கு நடந்தேன். பதினான்கு மைல், ஆலங்கட்டி மழை. விடுதிக்காரனின் அக்கா அன்றைக்கு எங்களுக்குப் பரிமாறியவள். அவளுக்காவது ஞாபகம் இருக்கும் என்று ஒரு நப்பாசை.

"டேனியல்னு பேர் மாத்தினப்போ யார் சிரிச்சாங்க? நெட்டையா இருந்தவனா?" என்று கேட்டேன்.

அவள் தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அவங்களைவிட நீதான் ஜாஸ்தி சிரிச்ச. பேனாவைக் கீழ போட்டுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்ச."

பதினான்கு மைல் திரும்பி நடந்தேன்.

பாரபலுக்குப் பால் வற்றிவிட்டது என்ற செய்தி அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்கே வந்தது. அவள் சாப்பிடுவதில்லை. ஓட்ஸ் கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்து ஒய்ரிக் பேரனுக்குப் புகட்டிக்கொண்டிருந்தாள். பால் கொடுக்க அக்கம்பக்கத்தில் அப்போது வேறு பிள்ளை பெற்றவள் இல்லை. மர்டோ என்னை வழியில் நிறுத்தினான். முன்பு போல அவன் வாயில் கிண்டல் இல்லை.

"வாத்தியாரே, அந்தக் கைக்குழந்தை இந்த வாரம் தாண்டாது போலிருக்கு. ஏதாவது பண்ணுங்க."

"நான் என்னப்பா பண்ண முடியும்?"

"எனக்கென்ன தெரியும். எழுதத் தெரிஞ்சவர் நீங்க."

பத்தொன்பதாம் நாள் நான் புதிய பதிவேட்டைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். அந்தப் புதுப் படிவம் ஒரு மனிதனைத் தோலுரிக்கும். தகப்பன் பெயர், வயது, பிறந்த ஊர், எந்த வருஷம் கல்யாணம், தகப்பன் இறந்திருந்தால் அந்த விவரம். அதற்கும் மேலே குழந்தையின் பெயர். அதுதான் அந்த வீட்டின் பெரிய முள். தகப்பன் உயிரோடிருந்தால் முதல் பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அதாவது ஒய்ரிக்கின் புருஷன் பெயர், வில்லியம். தகப்பன் போன பிறகு பிறந்த பிள்ளை என்றால் தகப்பன் பெயரேதான் வைக்க வேண்டும். டோனல் என்று கூப்பிட்டால் கணவன் செத்துவிட்டான் என்று தன் வாயாலேயே சொன்னதாகும். வில்லியம் என்று கூப்பிட்டால் மாமியாரின் முகத்தைப் பார்த்து உன் சின்ன மகன் செத்துவிட்டான் என்று சொன்னதாகும். பத்தொன்பது நாளாக அந்தக் குழந்தைக்குப் பெயர் இல்லை. "இவன்", "அவன்" என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

பாரபல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. குழந்தை அழக்கூட இல்லை. பூனைக்குட்டி போல வாயைத் திறந்து மூடியது. அதைப் பார்த்த பிறகுதான் நான் முடிவு செய்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

"எனக்கு ஞாபகம் வந்துடுச்சு" என்றேன்.

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள்.

"சின்னவனைத்தான் டேனியல்னு எழுதினேன். உத்தரத்துல தலை இடிக்காம குனிஞ்சு நின்னுக்கிட்டிருந்தான். அவனைப் பாத்துத்தான் எழுதினேன். இப்ப கண்ணு முன்னாடி தெரியுது."

பாரபல் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஒய்ரிக் எழுந்து எனக்கு எதிரே வந்து நின்றாள்.

"உறுதியா?"

"உறுதி."

"ஆண்டவர் முன்னாடி?"

"ஆண்டவர் முன்னாடி."

அவள் ரொம்ப நேரம் என் கண்ணைப் பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லையில் கீரை அறுக்கப் போனாள். நான் படிவத்தை நிரப்பினேன். குழந்தை வில்லியம். தகப்பன் டொனால்டு, போர்வீரன், வயது இருபத்தெட்டு. இறந்தவர் என்ற சொல் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது பாரபல் பானையை மடியில் வைத்துக்கொண்டு ஆறிப்போன கஞ்சியைக் கையால் அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். அழுதுகொண்டே தின்றாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும் வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டாள். வெளியே, கீரைப் பாத்தியிலிருந்து, ஒய்ரிக்கின் ஒப்பாரி தொடங்கியது.

மூன்றாம் நாள் பாரபலுக்குப் பால் ஊறியது. குழந்தை பிழைத்துக்கொண்டது.

அதன் பிறகு வந்த எட்டு வாரத்தை நான் எப்படிச் சொல்வது? ஒய்ரிக் சின்னவனின் படுக்கை வைக்கோலை வெளியே கொண்டுபோய் எரித்தாள். அவன் பூட்ஸை மர்டோவின் மகனுக்குக் கொடுத்தாள். ஊரே துக்கம் கேட்கப் போனது, நானும் போனேன். வீட்டுக்குள் பாரபல் குழந்தைக்குப் பாட்டுப் பாடுவாள். மாமியார் காலடிச் சத்தம் கேட்டதும் பாதியில் நிறுத்துவாள். "பாடு, பாடு, புள்ளைக்குத் தூக்கம் வரட்டும்" என்பாள் ஒய்ரிக். பாட்டு திரும்ப வராது.

ஒருநாள் ஒய்ரிக் பள்ளிக்கூடத்துக்கு வந்து, சபைப் புஸ்தகத்தில் சின்னவனின் சாவை எழுதச் சொன்னாள்.

"ராணுவத்துக் காகிதம் வரட்டும் ஒய்ரிக். அது வந்த பிறகுதான் எழுதலாம்."

"படிச்சதை எழுதின, பட்டாளத்துக்குப் போனதை எழுதின. செத்ததை எழுத மட்டும் காகிதம் வேணுமா?"

"சட்டம் அப்படி."

"சட்டம்!" என்றாள். என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டுப் போனாள். அவளுக்குச் சந்தேகம் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நான் தினமும் இரண்டு ஜெபம் செய்தேன். கடிதம் சீக்கிரம் வர வேண்டும் என்று ஒன்று. வரவே கூடாது என்று ஒன்று. என் பொய் உண்மையாகிவிட வேண்டும் என்றும் கேட்டேன். அது ஒரு பையனின் சாவைக் கேட்பது என்று தெரிந்தேதான் கேட்டேன். உருளைக்கிழங்கு நடவு நேரத்தில் பள்ளிக்கூடம் காலியாக இருக்கும். அந்தக் காலி பெஞ்சுகளுக்கு நடுவில் அந்த இரண்டு பையன்களும் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று தேடிக்கொண்டு நடப்பேன்.

ஏப்ரல் கடைசியில் கடிதம் வந்தது. ராணுவத்துக் குறிப்பு இரண்டு வரி. அதோடு இன்னொரு தாள், கேலிக்கில். எங்கள் பாஷை தெரிந்த ஒரு ராணுவப் போதகர், உயிரோடிருந்தவன் சொல்லச் சொல்ல எழுதியது. முதல் வரியிலேயே எந்த இங்கிலீஷும் இல்லாமல் தெளிவாக இருந்தது: "அம்மா, நான் சின்ன டோனல். காலில் பனிக்கடி, மூன்று விரல் போய்விட்டது, வேறு குறையில்லை. அண்ணன் ஜனவரி பத்தொன்பதாம் தேதி போய்விட்டார்."

எத்தனை தடவை வாசித்தாலும் அதேதான் இருந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அவர்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் பின்னால் கிழங்குக்கு மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். குழந்தை கூடையில் தூங்கிக்கொண்டிருந்தது. என் கையில் காகிதத்தைப் பார்த்ததும் வெட்டுவதை நிறுத்தினார்கள்.

"நான் பொய் சொன்னேன்" என்றேன். அதை முதலில் சொன்னேன். "எனக்கு ஞாபகம் வரல. எப்பவுமே வரல. குழந்தைக்காகச் சொன்னேன்." பிறகு வாசித்தேன்.

தாளின் நடுவில் இப்படி இருந்தது: "அவரை இங்கே டேனியல் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்கு அவர் ஒருநாளும் முதல் கூப்பாட்டில் திரும்பியதில்லை. அதற்காகத் திட்டும் வாங்கினார். காய்ச்சல் ஏறிய பிறகு டேனியல், டேனியல் என்று எவ்வளவு கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. நான் பக்கத்துப் படுக்கையிலிருந்து டோனல் என்றேன். உடனே என்னைப் பார்த்தார். வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டார். வீட்டில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது."

இதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

பாரபல் மண்வெட்டியைப் பிடித்தபடியே நின்றாள். ஒய்ரிக்கின் முகத்தில் நான் பார்த்ததை நான் பார்த்திருக்கக் கூடாது. இரண்டு மாதம் அழுது புதைத்த மகன் எழுந்து வந்துவிட்டான். மூத்தவன் போய்விட்டான் என்பது காதில் விழுந்திருக்கும். ஆனால் அதற்கு முன்னால் மற்றது போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் உதடு விரிந்தது. அடக்கப் பார்த்தாள். வாயில் சால்வை நுனியைத் திணித்துக்கொண்டு மாட்டுக் கொட்டிலுக்கு ஓடினாள். உள்ளே இருந்து வந்த சத்தம் சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத சத்தம். பிறகு அது மாறியது. "பெரியவனே, என் பெரியவனே" என்று அவள் தலையைக் கதவில் இடித்துக்கொள்வது கேட்டது.

பாரபல் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஜனவரி பத்தொம்பது" என்றாள். "புள்ள பிறக்கவே இல்ல அப்போ."

"ஆமா."

"நான் கஞ்சி தின்னேனே அன்னிக்கு. அவங்க அங்க அழுதுக்கிட்டிருக்க, நான் பானையோட தின்னேனே."

"பாரபல், என்னை..."

"ரெண்டு மாசம் அவரை எனக்கு உசிரோட வெச்சிருந்தீங்க. அதுக்கு உங்களைக் கும்பிடணுமா, காறித் துப்பணுமா, எனக்குத் தெரியல. போயிடுங்க வாத்தியாரே. இப்ப போயிடுங்க."

நான் போனேன். வேலி வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அவள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கொட்டிலுக்குள் போனாள். மாமியாரை அழைத்து வரப் போனாளா, சேர்ந்து அழப் போனாளா, தெரியவில்லை. நெடுநேரம் இரண்டு பேரும் வெளியே வரவில்லை. குழந்தை விழித்துக்கொண்டது. நான்தான் திரும்பி வந்து, அவர்கள் வரும் வரை கூடையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பதிவேட்டைத் திருத்த ஷெரீஃபின், அதாவது மாவட்ட நீதிபதியின், அனுமதி வேண்டியிருந்தது. ஜூன் மாதம் அனுமதி வந்தது. பாரபல் குழந்தையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து, நான் ஓரத்தில் தகப்பன் இறந்துவிட்டார் என்று சேர்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பார்த்தாள்.

"வழக்கப்படி பாத்தா புள்ளைக்கு அவர் பேருதான் வெச்சிருக்கணும்" என்றேன். "வேணும்னா அதையும் மாத்தக் கேட்டு எழுதலாம்."

"வேணாம். வில்லியமே இருக்கட்டும். இந்த வீட்டுல டோனல்னு பேர் வெச்சது போதும்."

சின்ன டோனல் அடுத்த வருஷம் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தான். மர்டோவின் மகன் பூட்ஸைத் திருப்பிக் கொடுத்தான். விரல் போன காலுக்கு அது சேரவில்லை. மூன்று பேரும் அந்தக் குழந்தையும் அதே வீட்டில் இருந்தார்கள். பாரபல் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒய்ரிக் சாகும்வரை கோயில் வாசலில் என்னைப் பார்த்தால் தலையை அசைப்பாள், அவ்வளவுதான். ஆனால் வில்லியமுக்கு ஐந்து வயதானபோது, வேறு பள்ளிக்கூடம் இல்லாததாலோ என்னவோ, அவன் கையைப் பிடித்து என்னிடம் கூட்டிக்கொண்டு வந்து விட்டவள் அவள்தான். நான் அவன் பெயரை வருகைப் பட்டியலில் எழுதி முடிக்கும் வரை மேசையருகே நின்று, "என்னன்னு எழுதின? வாசிச்சுக் காட்டு" என்றாள். வாசித்துக் காட்டினேன். "இன்னொரு தடவ" என்றாள். இன்னொரு தடவை வாசித்தேன்.